இச்சையும் இறைவழியும்: தமிழ் இஸ்லாமிய மரபும் நம் திருச்சபையும்

இஸ்லாம் உடலின்பத்தை நாடும் மார்க்கம், கிறிஸ்தவமோ ஆவிக்குரிய மார்க்கம் என்னும் கூற்று நம் பிரசங்க பீடங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. சபையார் அதனை ஐயமின்றி ஏற்கின்றனர். இறையியல் மாணவர்களும் தேர்வுத் தாள்களில் எழுதுகின்றனர். இக்கூற்று எங்கிருந்து வந்தது, அது உண்மைதானா என்று கேட்பவர் மிகச் சிலரே. அயலான் ஒருவனைப்பற்றி நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒன்று பொய்யாயிருக்குமாயின், அது ஒன்பதாம் கட்டளையைப் பற்றிய விஷயமாகிறது. ஆகவே இதனை ஆராய்வது நம் கடமை.

இக்கருத்து தமிழகத்தில் பிறந்ததன்று. எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு நகரத்து யோவான், நபிகள் நாயகத்தின் திருமணங்களைக் குறைகூறி எழுதினார். இடைக்கால ஐரோப்பா அதனைப் பெருக்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஃபாண்டர் ஐயரின் 'மீஸானுல் ஹக்' என்னும் நூலும், அவருடைய தூண்டுதலால் சர் வில்லியம் மியூர் 1858 முதல் 1861 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட நபி வரலாறும் இந்திய மிஷனரிகளின் கைநூல்களாயின. நமக்கு மிக அருகில், தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் 1938 டிசம்பரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டுக்காக நூலெழுதிய ஹென்றிக் கிரேமர், ஜாவாவில் பணியாற்றி இஸ்லாமைக் கற்றறிந்தவர். அவரும் இஸ்லாமை ஆழமற்ற எளிய மார்க்கமாகவே மதிப்பிட்டார். அவருடைய மதிப்பீடு மியூரின் மதிப்பீடன்று. எனினும் அவரைப் படித்தவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துகொண்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்த மாநாடு கூடிய இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமுடிவாக்கம் போன்ற ஊர்களில் இன்று ஊழியம் செய்யும் ஆயருக்கு இஸ்லாம் ஒரு நூலில் காணும் பொருளன்று. தொழிற்பேட்டைக்குப் பல மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஒரே தெருவில், ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்கின்றன. நம் பிரசங்கம் சுவருக்கு அப்பாலும் கேட்கும்.

முதலில் மூலங்களைக் காண்போம். திருக்குர்ஆன் கணவன் மனைவியரை ஒருவருக்கொருவர் ஆடை என உருவகிக்கிறது (2:187). துணைவரிடம் அமைதி காண்பதையும் இருவருக்கிடையே உள்ள அன்பையும் இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகக் கூறுகிறது (30:21). துறவறத்தைக் கிறிஸ்தவர் தாமே உண்டாக்கிக்கொண்டனர் என்றும், அதனைச் சரிவரப் பேணவில்லை என்றும் குறிப்பிடுகிறது (57:27). மணவாழ்வின் சேர்க்கையும் நற்கூலிக்குரிய தருமமே என்னும் பொருள்பட ஒரு நபிமொழி உண்டு. அதைக் கேட்ட தோழர்களே வியந்தனர் என்று அம்மரபு சொல்கிறது.

இக்கருத்துகளை முறைப்படுத்தியவர் இமாம் கஸ்ஸாலி (1058-1111). அவருடைய 'இஹ்யா' என்னும் பெருநூலில் திருமண ஒழுக்கங்களைப் பற்றித் தனிப் பகுதி உள்ளது. திருமணத்தின் நன்மைகள் ஐந்து என்கிறார்: மக்கட்பேறு, இச்சையின் தணிவு, இல்லற ஒழுங்கு, உறவின் துணை, மனைவி மக்களைத் தாங்குவதில் நேரும் ஆன்மப் பயிற்சி. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்க ஜெபப்புத்தகம் கூறும் மூன்று காரணங்களை, அதாவது மக்கட்பேறு, பாவத்துக்கு மாற்று, பரஸ்பரத் துணை என்பவற்றை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்பது விளங்கும். வேறுபாடு ஓரிடத்தில்தான் உள்ளது. ஜெபப்புத்தகத்துக்கு இச்சை என்பது மாற்று வேண்டிய நோய். கஸ்ஸாலிக்கோ அது நோயாகவும் இருக்கலாம், குறிப்பாகவும் இருக்கலாம். இவ்வுலகில் நிலைக்காத இன்பம் மறுவுலகில் நிலைக்கும் இன்பத்தை நினைப்பூட்டி மனிதனை வழிபாட்டுக்குத் தூண்டுகிறது என்பது அவர் கருத்து.

அவர் நடைமுறையையும் விடவில்லை. கணவன் தன் நிறைவோடு விலகிவிடலாகாது, மனைவியின் நிறைவுக்கும் காத்திருக்க வேண்டும் என்கிறார். நான்கு இரவுகளுக்கொருமுறையேனும் அவளை நாடுவது தக்கது என்றும் கணக்கிடுகிறார். கருத்தடைக்காக விந்தை வெளியேற்றும் முறையை ஆராய்ந்து, அதனை விலக்கப்பட்டதன்று எனத் தீர்க்கிறார். மிகுந்த பிள்ளைகளால் நேரும் இடரை அஞ்சுவதும், மனைவியின் அழகையும் உடல்நலத்தையும் காக்க விரும்புவதும் அவர் ஏற்கும் காரணங்கள். இலாம்பெத் மாநாடு 1920இல் கருத்தடையைக் கண்டித்து, 1930இல்தான் வரையறைகளோடு ஏற்றது என்பதை மாணவர் நினைவிற்கொள்க. இடையே எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் உள்ளன.

அதே காலப்பகுதிகளில் மேலைத் திருச்சபை எங்கிருந்தது? திருமணமும் கன்னிமையும் இறைவன் முன் சமமான சிறப்புடையவை என்று சொன்ன ஜோவினியன் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கண்டிக்கப்பட்டார். அகுஸ்தீன் திருமணத்தை நன்மை என்றே கூறினார். ஆயினும் மக்கட்பேற்றை நாடாத சேர்க்கை மணவறத்துக்குள்ளேயும் மன்னிக்கத்தக்க பாவமே என்றார். ஆதிபாவம் இச்சையின் வழியாகவே தலைமுறைக்கு இறங்குகிறது என்னும் அவர் போதனை, மணமக்களின் படுக்கையறை மீதும் ஒரு நிழலைப் படரவிட்டது. 1525இல் துறவியான லூத்தர் துறவியான கத்தரீனாவை மணந்தது இந்நிழலைப் பெரிதும் அகற்றிற்று. முற்றும் அகற்றிற்றென்று சொல்வதற்கில்லை.

இதனால் இஸ்லாமில் துறவு மனப்பான்மையே இல்லை என்று கொள்ளலாகாது. கஸ்ஸாலியே 'இஹ்யா'வின் மற்றொரு பகுதியில் வயிற்றின் இச்சை, உடலின் இச்சை ஆகிய இரண்டையும் முறியடிக்கும் வழியை விரித்துரைக்கிறார். 1095இல் பாக்தாதின் பேராசிரியர் பதவியைத் துறந்து நாடோடியானவர் அவர். மணம் புரிவது மேலா, புரியாமை மேலா என்ற வினாவுக்கு ஆளுக்கு ஆள் விடை மாறும் என்பதே அவர் முடிவு. 801இல் மறைந்த பஸ்ரா நகரத்து இராபியா மணமின்றியே இறைக்காதலியாக வாழ்ந்தார். டெல்லியின் நிஜாமுத்தீன் அவுலியாவும் மணம் புரியாதவர்.

இவ்விரு போக்குகளும் தமிழ் மண்ணில் என்னவாயின என்பதே நமக்கு முதன்மையான கேள்வி.

தமிழில் நமக்குக் கிடைக்கும் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையது 'பல்சந்தமாலை'. அதில் முழுமையாக எஞ்சியிருப்பவை எட்டுப் பாடல்களே. அவையும் 'களவியற்காரிகை' என்னும் அகப்பொருள் நூலின் உரையில் மேற்கோளாக வந்ததால் பிழைத்தவை. அவை சட்ட நூற் பாடல்களல்ல, வாத நூற் பாடல்களுமல்ல, காதற் பாடல்கள். தலைவன், தலைவி, தோழி என்னும் பழைய அகத்திணை மாந்தரே அவற்றில் பேசுகின்றனர். அல்லாஹ்வைத் தொழும் சோனகர் வாழும் ஊர் பின்னணியாக அமைகிறது. தமிழில் இஸ்லாம் நமக்குக் காணக் கிடைக்கும் முதல் வடிவமே காதலைப் பாடும் வடிவமாயிருப்பது தற்செயலாயிருக்கலாம். உரையாசிரியர் ஒருவரின் தேவையால் எஞ்சியவை இவை. ஆயினும் அக்காலத் தமிழ் முஸ்லிம் புலவருக்கு அகத்திணையைக் கையாளுவதில் கூச்சம் ஏதுமில்லை என்பதற்கு அவை போதிய சான்று.

அம்மரபு சீறாப்புராணத்தில் விரிந்தது. எட்டயபுரத்தைச் சார்ந்த உமறுப்புலவர் பதினேழாம் நூற்றாண்டில், வள்ளல் சீதக்காதியும் பின்னர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரும் ஆதரிக்க, 5,027 பாடல்களில் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடினார். கதீஜா கண்ட கனவுக்கு ஒரு படலம். திருமணத்துக்கு ஒரு படலம். மணமகன் வீதியில் வர, காணும் மகளிர் காதலால் மயங்கும் உலா மரபையும் அவர் விடவில்லை. எதனைக் காட்டி மியூர் நபியைக் குறைகூறினாரோ, அதே மணவாழ்வைத் தமிழ்ப் புலவர் காப்பியத்தின் மங்கலமாகக் கண்டார். மூத்தவளும் விதவையுமான ஒரு பெண்ணின் காதல் தமிழ்க் காப்பியம் ஒன்றில் இவ்வளவு கண்ணியத்தோடு பாடப்பட்டிருப்பதை நம் மாணவர்கள் படித்தறிய வேண்டும்.

இவ்விடத்தில் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நன்று. வீரமாமுனிவர் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்தார். காமத்துப்பாலின் 250 குறட்பாக்களையும் விட்டுவிட்டார். கன்னிமை காத்த கணவராகிய சூசையப்பரைத் தலைவராக்கித் தேம்பாவணி பாடிய துறவிக்கு அது இயல்பே. இல்லறத்தாரான சீர்திருத்தத் திருச்சபையாருக்கு அத்தடை இருந்திருக்கலாகாது. லெயிப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல் ஐயர் 1856இல் ஜெர்மன் மொழியில் அதனையும் சேர்த்தே பெயர்த்தார். போப் ஐயரோ காமத்துப்பால் மீது தமக்கிருந்த தப்பெண்ணத்தால் அதனைப் பல ஆண்டுகள் படிக்காமலே இருந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டு, 1886இல் முழுவதையும் வெளியிட்டார். அறத்தையும் பொருளையும் போற்றிய கை, மூன்றாம் பாலில் தயங்கி நின்ற காட்சி நம் திருச்சபையின் மனநிலைக்கு நல்ல அடையாளம்.

சொற்களும் இம்மனநிலையைக் காட்டும். 'இச்சை' என்பது சைவ சித்தாந்தத்தில் இறைவனின் மூவகைச் சக்திகளுள் ஒன்று. இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்பர். நம் திருமறைத் தமிழில் அச்சொல் பெரும்பாலும் பாவத்துக்கே உரியதாய்ச் சுருங்கிற்று (மத்தேயு 5:28, 1 யோவான் 2:16). ஆனால் இவ்விடங்களில் வரும் அதே கிரேக்கச் சொற்குடும்பம், சீடரோடு பஸ்காவைப் புசிக்க ஆண்டவர் மிக விரும்பினார் என்னும் இடத்திலும் வருகிறது (லூக்கா 22:15). மொழிபெயர்ப்பாளர் அங்கே 'ஆசை' என்ற சொல்லைப் பெய்தனர். தவறு என்று சொல்லவில்லை. ஆனால் இயேசுவும் இச்சித்தார் என்று கேட்கும் வாய்ப்பைத் தமிழ்ச் சபை இழந்தது.

மீண்டும் தமிழ் இஸ்லாமுக்கு வருவோம். மணத்தைச் சிறப்பிக்கும் மார்க்கத்தில் மணத்தை விட்டோடிய ஒருவரே தமிழ் முஸ்லிம் ஞானிகளுள் மிகப் புகழ்பெற்றவர். அவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இளமையிலேயே கீழக்கரையில் சமயக் கல்வி பெற்றார். மாமன் மகளை மணமுடிக்கப் பெற்றோர் ஏற்பாடு செய்தபோது, இசையாமல் வீட்டை விட்டு வெளியேறினார் என்பது அவர் வரலாறு. திருச்சியில் ஞானாசிரியர் ஒருவரை அடைந்தார். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் தவமிருந்தார். இறுதியில் சென்னை வந்து, அக்காலத்தில் காடடர்ந்திருந்த இராயபுரம் பகுதியில் தங்கி, 1838இல் மறைந்தார். தொண்டியிலிருந்து வந்தவராதலின் மக்கள் அவரைத் தொண்டியார் என்றனர். தண்டையார்பேட்டை என்னும் பெயரே அதிலிருந்து வந்தது என்பார் உண்டு.

பெண்ணை விட்டோடிய இவர் இறைவனைப் பெண்ணாகவே பாடினார். 'மனோன்மணிக் கண்ணி' முழுவதும், மனோன்மணி என்னும் காதலியைத் தேடி ஏங்கும் காதலனின் குரல். மனோன்மணி என்பது சைவ யோக மரபில் சக்தியின் பெயர். இதில் தமிழ் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம்மாழ்வாரும் மாணிக்கவாசகரும் ஆன்மாவைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் பாடினர். குணங்குடியார் அதனைத் தலைகீழாக்கினார். ஆன்மா ஆண், தேடப்படுவது பெண்மை. லைலாவைத் தேடிப் பித்தனான மஜ்னூனின் கதையை இறைக்காதலுக்கு உவமையாக்கிய பாரசீக சூஃபி மரபு இதன் ஒரு வேர். சித்தர் மரபு மற்றொரு வேர்.

அவரைப் பெண்மையின் பாவலர் என்று புகழ்வதும் பொருந்தாது. அதே தொகுப்பில், சித்தர்களைப்போல் மகளிர் உடலை இகழ்ந்து, அவர் மயக்கிலிருந்து தம்மைக் காக்க வேண்டும் பாடல்கள் நிறைய உள. மண்ணிலுள்ள பெண் தடை. விண்ணிலுள்ள பெண் தெய்வம். இம்முரண் அவருக்கு மட்டும் உரியதன்று. உன்னதப்பாட்டுக்கு அளவற்ற விளக்கவுரைகள் எழுதிய நம் இடைக்காலத் துறவிகள் அதே முரணில் வாழ்ந்தவர்கள். வீட்டில் காத்திருந்த மாமன் மகளின் பக்கம் கதையைச் சொன்னவர் யாருமில்லை என்பதையும் ஆயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவருக்குத் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடினார். சைவப் புலவர் ஒருவர் முஸ்லிம் ஞானியைப் பாடுவதற்குத் தடையில்லாத காலம் அது. காதலே அவ்விருவரின் பொதுமொழி.

நாகூரின் கதை வேறு வகையினது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டவர் மணம் புரியாதவர். ஆனால் தர்காவுக்கு வாரிசு வேண்டும். லாகூரில் பிள்ளையில்லாத காஜி ஒருவரின் மனைவிக்கு, அவர் தாம் மென்ற வெற்றிலையைக் கொடுத்தனுப்ப, அதனால் யூசுப் என்னும் மகன் பிறந்து, பின்னர் தந்தையாகிய ஞானியைத் தேடி வந்தார் என்பது நாகூர் மரபு. யூசுபு மணம் புரிந்தார். அவர் வழியினரே தர்காவின் உரிமையாளர். கன்னித்துறவையும் சந்ததியையும் ஒருங்கே விரும்பிய மக்கள் மனம் கண்ட தீர்வு இது. கன்னிப் பிறப்பைப் பறைசாற்றும் நாம் இதனை நகைத்துத் தள்ளுவது எளிதன்று.

நம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'யும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. சீயோன் மகளாகிய தேவமோகினி உலா வரும் பெத்லகேம் நாதரைக் கண்டு காதல் நோயுறுகிறாள். அகமரபை அஞ்சாமல் கையாண்ட அந்த லூத்தரன் புலவரைச் சபைகளில் இன்று கீர்த்தனைகளுக்காக மட்டும் நினைக்கிறோம்.

இதுவரை இலக்கியத்தைப் பார்த்தோம். இலக்கியம் வாழ்க்கை ஆகாது. பலதார மணத்துக்கு இடமளித்த சட்டம் (4:3) பெண்ணின் நிறைவைப் பேசுவதில் உள்ள முரணைக் கஸ்ஸாலி தீர்க்கவில்லை. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்லி மனைவியை விலக்கும் வழக்கம் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்படும்வரை இந்நாட்டில் நீடித்தது. 2004இல் வெளிவந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்னும் நாவலைப் படிப்பவர், தமிழ் முஸ்லிம் பெண்களின் ஆசை எத்தனை கதவுகளுக்குப் பின்னே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரு முஸ்லிம் பெண்ணின் எழுத்திலேயே அறிவார். மார்க்கம் கொடுத்ததாகக் கிதாபில் எழுதியிருப்பதை ஊர் கொடுப்பதில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சொல்லும்போது நம் சட்டத்தையும் உடன் வைத்துச் சொல்ல வேண்டும். ஷரீஅத்தில் திருமணம் உடன்படிக்கை. மனைவியின் இல்லற உரிமை அவ்வுடன்படிக்கையின் பகுதி. மனைவியை நாடேன் என்று கணவன் ஆணையிட்டால் நான்கு மாதத்துக்குமேல் அவளைக் காக்கவைக்கலாகாது என்பது குர்ஆன் விதி (2:226). நம் கடற்கரை மரைக்காயர் ஷாஃபிஈ சட்ட மரபினர், கஸ்ஸாலியும் அம்மரபினரே. இராவுத்தரும் வட இந்திய முஸ்லிம்களும் பெரும்பாலும் ஹனஃபி மரபினர். ஹனஃபி சட்டத்தில் கணவன் கைவிட்டாலும் மனைவி விடுதலை பெறுவது மிகக் கடினம். ஆகையால் பஞ்சாபிலும் பிறவிடங்களிலும் பெண்கள் சிலர் மதம் மாறி, அதனால் திருமணம் முறியும் என்ற விதியைக் கொண்டு விடுதலை பெற்றனர். அவர்களுள் கிறிஸ்தவத்தைத் தழுவியவரும் உண்டு. மிஷன் அறிக்கைகளில் அவர்கள் ஆத்தும அறுவடையாக எண்ணப்பட்டிருக்கலாம். அவர்கள் தேடியதோ கொடிய மணத்திலிருந்து ஒரு வாசல். இது உலமாக்களை விழிக்கச் செய்தது. மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, பெண்ணுக்கு மிகுந்த இடமளிக்கும் மாலிகி சட்டத்திலிருந்து விதிகளை எடுத்து வழிகாட்டினார். அதன் விளைவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம். கணவன் தக்க காரணமின்றி மூன்றாண்டுகள் மணக்கடமைகளை நிறைவேற்றாமை, அவனது ஆண்மையின்மை, கொடுமை ஆகியவை மனைவி விடுதலை கோரப் போதிய காரணங்களாக அதில் இடம்பெற்றன. மதமாற்றத்தால் மட்டும் மனைவியின் திருமணம் முறியாது என்ற விதியும் உடன் சேர்ந்தது.

அந்த 1939இல் இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணின் நிலை என்ன? அவளுக்குரியது 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டம். கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் மெய்ப்பித்தால் போதும். மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ, இரண்டாண்டுக் கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். கொடுமை மட்டும் போதாது. கைவிடுதல் மட்டும் போதாது. இவ்வேற்றுமை 2001ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் நீங்கிற்று. இடைப்பட்ட 132 ஆண்டுகளில், கணவனால் அடிக்கப்பட்டும் கைவிடப்பட்டும் மணமுறிவு பெற இயலாமல் நம் சபைகளின் பெண்கள் பலர் வாழ்ந்து மறைந்தனர். பிரசங்க பீடத்துக்கு எதிரே, பெண்கள் பக்கத்து இருக்கைகளில்தான் அவர்கள் அமர்ந்திருந்தனர்.